செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்கு வெந்நீர் ஹீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பழைய வீட்டில் ஹீட்டர் மாட்டுவது ஃபிளாட்டில் மாட்டுவது போல அரை மணி நேர வேலை இல்லை. சுவர் சுண்ணாம்புக் காரை. கூரையில் பாதி ஓடு. வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். வயரிங் தாத்தா காலத்தது. எல்லாவற்றுக்கும் மேல், வருஷத்தில் பெரும்பகுதி வீடு பூட்டிக் கிடக்கும். திறக்கிற நாலு நாளில் நாற்பது பேர் குளிப்பார்கள். கடைக்காரர் சொல்லும் கணக்கு இந்த வீடுகளுக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான்.

எந்த வகை ஹீட்டர் வாங்குவது? கரண்ட், கேஸ், சோலார், விறகு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முதலில் வீடு எத்தனை நாள் திறந்திருக்கும் என்று பாருங்கள். வருஷம் முழுக்க ஆள் இருக்கிற வீடென்றால் சோலார் போடலாம், கூடவே ஒரு கரண்ட் கீசர். விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் வீட்டில் சோலார் வீண்செலவு. வீண் மட்டுமில்லை, ஆள் இல்லாமல் வெயிலில் காய்ந்து கெட்டும் போகும். அங்கே ஒவ்வொரு பாத்ரூமிலும் சின்ன ஸ்டோரேஜ் கீசர், கூட்டத்துக்குப் பின்கட்டில் விறகு பாய்லர். ஹோம்ஸ்டே, ஹோட்டல் நடத்துகிறவர்கள் ஹீட் பம்ப் பக்கம் போகலாம். கேஸ் கீசரைக் கடைசியாகத்தான் சொல்வோம். ஏன் என்பது கீழே வருகிறது.

நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து அதிக விலை கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். நட்சத்திரம் என்பது சும்மா நிற்கும்போது டேங்கிலிருந்து எவ்வளவு சூடு கசிகிறது என்பதற்கான மதிப்பெண். தினமும் ஓடும் கீசருக்கு ஐந்து நட்சத்திரம் வாங்குங்கள். வருஷத்துக்குப் பத்து நாள் ஓடுவதற்கு அந்தப் பணத்தை எர்த்துக்குச் செலவழியுங்கள்.

எத்தனை லிட்டர் போதும்?

இங்கே தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 28 டிகிரி இருக்கும். மார்கழி, தை விடியற்காலையில் இன்னும் மூன்று நாலு டிகிரி குறையும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும், ஹீட்டர் தேவைப்படாது. குளிக்க இதமான சூடு 40 டிகிரி.

25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்த தண்ணீரை 28 டிகிரித் தண்ணீரோடு கலந்தால் கணக்குப்படி 66 லிட்டர் வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். டேங்குக்குள்ளேயே பச்சைத் தண்ணீர் கொஞ்சம் கலந்துவிடுவதால் 55 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் மொண்டு குளித்தால் மூன்று பேர், ஷவரென்றால் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். 2 கிலோவாட் காயிலில் அது முழுசாகக் காய 28 நிமிஷம். கரண்ட் கிட்டத்தட்ட ஒரு யூனிட். 15 லிட்டர் கீசர் 17 நிமிஷத்தில் காயும், முக்கால் யூனிட்டுக்கும் குறைவு.

வாளிக் குளியல் வழக்கமுள்ள வீட்டில், ஒரு பாத்ரூமை இரண்டு மூன்று பேர் பங்கு போட்டால் 15 லிட்டரே தாராளம். மேலே கை ஷவர், மழை ஷவர் என்று மாட்டியிருந்தால்தான் 25.

வீட்டுக்கெல்லாம் சேர்த்துப் பெரிதாக ஒன்று போட்டால் மிச்சம்தானே?

செட்டிநாட்டு வீட்டு நீளத்துக்கு அது மிச்சமாகாது. முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். பின்கட்டில் ஹீட்டரை வைத்து முகப்புப் பக்கத்து அறைக்கு 40 மீட்டர் பைப் இழுத்தால், வழியிலேயே 10 லிட்டர் ஆறிப்போய் நிற்கும். நிமிஷத்துக்கு 6 லிட்டர் வந்தால் சூடு வந்து சேர ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழாயை மூடியதும் பைப்பில் மிஞ்சிய 10 லிட்டர் வெந்நீரும் வீண்.

ஹீட்டருக்கும் குழாய்க்கும் இடையே 5 மீட்டருக்குள் இருக்கட்டும். அடுத்தடுத்து இரண்டு பாத்ரூம் இருந்தால், நடுச்சுவரில் 25 லிட்டர் ஒன்று போதும்.

இன்ஸ்டன்ட் கீசர் போட்டால்?

கை கழுவ, பாத்திரம் கழுவச் சரி. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், தண்ணீரை 15 டிகிரி உயர்த்த வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 3 லிட்டருக்கு மேல் தராது. வாளி நிரம்ப ஆறேழு நிமிஷம். அதற்கே 13 ஆம்பியர் இழுக்கும். மூன்று அறையில் ஒரே நேரத்தில் போட்டால் பழைய மீட்டர் போர்டு தாங்காது.

கேஸ் கீசர் மலிவு, உடனே சூடு, கரண்ட் போனாலும் ஓடும். எல்லோரும் பாத்ரூமுக்குள் மாட்டித்தானே வைத்திருக்கிறார்கள்?

மாட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அதில் ஆட்கள் செத்தும் போகிறார்கள். பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 6 லிட்டர் கேஸ் கீசர் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 900 கிராம் எல்.பி.ஜி. எரிக்கும். ஒரு கிலோ எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு அடி, ஒன்பது அடி உயரமுள்ள பாத்ரூமில் மொத்தக் காற்றே 9 கன மீட்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு 10 நிமிஷம் குளித்தால், உள்ளே இருக்கிற காற்றில் ஐந்தில் ஒரு பங்கை அடுப்பு தின்றுவிடும். 21 சதவிகிதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 17 பக்கம் இறங்கும். ஆக்சிஜன் குறையக் குறையக் கேஸ் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கை கால் துவளும். தாழ்ப்பாளை எட்ட முடியாமல் உள்ளேயே விழுந்துவிடுவார்கள்.

சின்ன ஜன்னல் இருக்கிறது, எக்சாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்பதெல்லாம் சமாதானம். குளிருக்கு ஜன்னலைச் சாத்துவார்கள். காற்று உள்ளே வர வழி இல்லாமல் ஃபேன் ஓடினால், கீசரின் புகையையே அறைக்குள் திருப்பி இழுக்கும்.

போட்டே தீர வேண்டுமென்றால் வீட்டின் அமைப்பே கைகொடுக்கும். இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். அந்த முற்றத்துச் சுவரில், மழைச் சாரல் படாத மறைப்புக்குக் கீழே மாட்டுங்கள். வெந்நீர்ப் பைப் மட்டும் உள்ளே போகட்டும். எந்த அறை ஜன்னலுக்கும் நேர் கீழே வேண்டாம். சிலிண்டரிலிருந்து வரும் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபாக இருக்கட்டும். அதில் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்து வருஷத்தில் மாற்றிவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. 10 லிட்டர் வாளியை அந்தக் குழாயில் பிடித்துப் பாருங்கள். நிரம்ப மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆனால் கேஸ் கீசர் பற்றாது, பற்றினாலும் நடுவில் அணையும். ஒற்றைத் தளத்து வீட்டில் தொட்டி தலைக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தமே 0.3 பார்தான். அடைத்த பழைய இரும்புப் பைப்பில் அதிலும் பாதி போய்விடும்.

பூட்டியிருந்த வீட்டைத் திறந்ததும் கேஸ் கீசரில் சுடர் மஞ்சளாக எரிகிறது. என்ன செய்வது?

உடனே அணையுங்கள். நல்ல சுடர் நீலமாக, ஒரே உயரமாக நிற்கும். மஞ்சள் என்றால் காற்று போதவில்லை. பர்னரின் காற்றுத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் சிலந்தி வலை. கேஸை மூடிவிட்டு, மூடியைக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். மேலே புகை போகும் வாயையும் பாருங்கள். ஊசியால் ஜெட்டைக் குத்த வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் எப்போதும் மஞ்சள்தான். பற்றவைக்கும் பேட்டரி இரண்டும் பச்சை பூத்திருக்கும். வீட்டைப் பூட்டும்போதே கழற்றிவைத்தால் அந்த வேலை மிச்சம்.

சுவரில் எப்படி மாட்டுவது? துளை போட்டால் காரை உதிர்கிறது என்கிறார்கள்.

25 லிட்டர் கீசர் தண்ணீரோடு 35 முதல் 40 கிலோ வரும். அட்டைப் பெட்டியோடு தரும் இரண்டு போல்ட், சிமென்ட்டில் கட்டிய செங்கல் சுவருக்காகச் செய்தது. இங்கே சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனம். உள்ளே சின்னச் செங்கல்லும், தடித்த சுண்ணாம்புச் சாந்தும். விரிந்து பிடிக்கும் போல்ட்டை முடுக்க முடுக்க சாந்து பொடியாகி, போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு நிற்கும், ஆறு மாதத்தில் சாயும்.

முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய பூச்சுள்ள சுவரில் துளையே போடாதீர்கள். சுத்தியல் டிரில் வைத்ததும் மேல் அடுக்கு உப்பி, கையகலத்துக்கு உரியும். அதே மெருகில் திரும்பப் பூசித் தர ஆள் தேடுவது ஹீட்டர் விலையை விடப் பெரிய செலவு.

சாதாரணக் காரைச் சுவரென்றால்:

1. தட்டிப் பார்த்து, சாந்து இணைப்பை விட்டுவிட்டுச் செங்கல்லின் நடுவைத் தேடுங்கள்.
2. முதல் ஒரு சென்டிமீட்டரைச் சுத்தியல் இல்லாமல் வெறும் சுழற்சியில் துளையுங்கள். பிறகு 16 மில்லிமீட்டர் துளை, ஆழம் 13 சென்டிமீட்டர்.
3. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி எடுங்கள். பெரும்பாலான இடத்தில் பிடிப்பு போவது இதைச் செய்யாததால்தான்.
4. வலை உறையைச் செருகி, ரசாயனப் பசையை உள்ளிருந்து வெளியே வருமாறு நிரப்பி, 10 மில்லிமீட்டர் மரைக்கம்பியைச் சுற்றிச் செருகுங்கள்.
5. ஒரு நாள் விட்டுவிட்டு மாட்டுங்கள். தண்ணீர் நிரப்புவதற்கு முன் முழு பலத்தோடு கீழே இழுத்துப் பாருங்கள்.

எங்கள் விருப்பம் இதுவும் இல்லை. 40க்கு 40, 5 மில்லிமீட்டர் கனமுள்ள எல்-ஆங்கிளில் தரையிலிருந்து ஒரு ஸ்டாண்ட் அடித்து, எடையை முழுக்கத் தரையில் இறக்கிவிடுங்கள். சுவரில் சாயாமல் பிடிக்க ஒரே ஒரு போல்ட் போதும். காலுக்கு அடியில் நாலு இஞ்ச் சதுரத் தகடும் ரப்பரும் வைக்கவும், இல்லையென்றால் ஆத்தங்குடிக் கல் கீறிப்போகும். காயிலைக் கழற்றுகிற பக்கம் ஓர் அடி இடம் விட மறக்காதீர்கள். சீலிங்கோடு ஒட்டி மாட்டிவிட்டுப் பிறகு காயில் மாற்ற ஹீட்டரையே இறக்குகிற கூத்து வேண்டாம்.

பழைய மரப்பட்டை வயரிங்கில் கீசரைச் செருகலாமா?

கூடாது. தேக்குப் பட்டையில் ஓடும் அந்த வயர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்டது, பல இடத்தில் எர்த் வயரே கிடையாது. கீசரில் எர்த் இல்லையென்றால், காயில் வெடிக்கிற அன்றைக்குக் கரண்ட் தண்ணீர் வழியாகக் குளிக்கிறவர் மேல் வரும்.

2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மீட்டர் போர்டிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 20 ஆம்பியர் ஸ்விட்ச். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே. போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் என்றால் 4 ஸ்கொயர் எம்.எம்., 20 ஆம்பியர். சுவரை வெட்டாமல், ஓரமாக வெளியே தெரியும்படியே பைப்பில் ஓட்டுங்கள். பழைய சுவருக்கு அதுதான் மரியாதை.

எர்த் குழி இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். கோடையில் மண் காய்ந்து, கரியும் உப்பும் கரைந்துபோய்ப் பேருக்கு நிற்கும். எலக்ட்ரீஷியனை வைத்துப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் பிடித்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருகிற அளவே வர வேண்டும். அது மட்டும் போதாது, ஏனென்றால் மீட்டருக்குக் கரண்டே தேவையில்லை, மோசமான எர்த்திலும் சரியாகக் காட்டிவிடும். ஆர்.சி.சி.பி.க்கு முந்தைய முனையில் 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எலக்ட்ரீஷியன் கொளுத்திப் பார்க்கட்டும். பல்பு மங்கினால் குழியைப் புதுப்பிக்கும் வரை கீசரைத் தொடாதீர்கள்.

விசேஷத்துக்கு ஆறு கீசரும் ஒரே நேரத்தில் ஓடினால் 12 கிலோவாட், 52 ஆம்பியர். ஒற்றை பேஸில் அது நடக்காது. மூன்று பேஸ் இணைப்பிலும் பேஸுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மண்டபத்து ஜெனரேட்டரை நம்புகிறவர்கள் இதையே அவர்களிடமும் கேளுங்கள். இன்வெர்ட்டரில் கீசர் வேண்டாம்.

புதுக் கீசரில் கீழே சொட்டுகிறது. பிளம்பர் அடைத்துவிடலாம் என்கிறார்.

அவரைத் தடுத்துவிடுங்கள். பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் இருப்பது சேஃப்டி வால்வு. அது தண்ணீரைத் திரும்பிப் போகவிடாது. 25 லிட்டர் தண்ணீர் 28லிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 300 மில்லி பெருகும். அந்த 300 மில்லிக்குப் போக்கிடம் அந்த வால்வுதான். பொதுவாக 8 பாரில் திறக்கும்படி செய்திருப்பார்கள். அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால் டேங்க் கிழியும்.

சூடாகும்போது மட்டும் சொட்டினால் சரி. சின்ன டியூப் மாட்டி வடிகாலில் விடுங்கள். கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் ஒழுகினால் வால்வில் உப்பு அடைத்திருக்கிறது. நெம்புகோலைத் தூக்கித் தூக்கி விட்டுப் பாருங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள்.

எந்தப் பைப்?

வெந்நீருக்கு சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். சாதாரண வெள்ளை பி.வி.சி. இளகிக் கழலும். இரும்புப் பைப் வேண்டாம். கீசரிலிருந்து முதல் ஒரு முழம் எஃகுப் பின்னல் டியூபாக இருக்கட்டும். மரை இணைப்பில் பித்தளை உள்ளவையே வாங்குங்கள். வெளியே ஓடும் பைப்புக்குக் கறுப்பு ஃபோம் உறை போடுங்கள்.

போர் தண்ணீரில் வருஷா வருஷம் காயில் போகிறதே?

காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் பெருமை. ஆனால் புறநகர் வீட்டுப் போரில் வருவது அந்தத் தண்ணீர் இல்லை. கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை குடிநீர்த் தரத்தில் நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி. கீசருக்கு 300 தாண்டினாலே தொல்லை ஆரம்பம். சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து காயில் மேல் ஓடாகப் படியும். உள்ளே பிறக்கும் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் காயில் தன்னையே எரித்துக்கொள்ளும். கெட்டிலில் கொதி வருவது போலக் கீசருக்குள் கடகட சத்தம் கேட்டால் படிவம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

தெர்மோஸ்டாட்டை 75க்கு வைக்காமல் 55 முதல் 60க்குள் வையுங்கள். அதற்கு மேல் போகப் போகப் படிவம் வேகமாக ஏறும். செம்புக் காயிலுக்குப் பதில் இன்கலாய் (நிக்கல் கலந்த உலோகம்) காயில், உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள டேங்க் கேட்டு வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி, காயிலை வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ (ஒரு லிட்டருக்கு 50 கிராம்) ஒரு மணி நேரம் ஊறவைத்தால் ஓடு கழன்றுவிடும். பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறவர்கள் காயிலின் தோலையும் சேர்த்துக் கரைக்கிறார்கள்.

அப்போதே மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி அது. பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்க் கம்பியை மறந்து டேங்கையே இழக்கிறவர்கள்தான் அதிகம்.

மாடியில் சோலார் வைக்கலாமா? ஓட்டுக் கூரை தாங்குமா?

ஓட்டுக் கூரையில் கூடாது. 200 லிட்டர் சோலார் தண்ணீரோடு 300 கிலோவைத் தொடும். மெட்ராஸ் தளம், அதாவது தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புப் போட்ட மொட்டை மாடியில் வைக்கலாம். நாலு காலும் கீழே ஓடும் சுவருக்கு நேராக வர வேண்டும். உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் இடையே வரக் கூடாது. சுவர் கிடைக்காவிட்டால், இரண்டு சுவருக்குமாக இரும்பு ஐ-பீம் போட்டு அதன் மேல் ஏற்றுங்கள். தளத்தில் போல்ட் அடித்தால் அந்தத் துளை வழியாக ஐப்பசி மழை உள்ளே வரும்.

காரைக்குடி 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. தெற்குப் பார்த்து, 20 முதல் 25 டிகிரி சாய்வு கொடுத்தால் தை மாதத்துச் சாய்ந்த வெயிலை நன்றாகப் பிடிக்கும். பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடி, சோலார் டேங்கின் தலையை விட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். ஏர் வென்ட் பைப், அந்தத் தொட்டியின் நீர்மட்டத்தை விட உயரமாகப் போக வேண்டும். வென்ட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்று அதற்கு மூடி போட்ட வீடுகளில் டேங்க் உப்பியோ ஒடுங்கியோ போயிருக்கும்.

உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகை பரவாயில்லை, கழற்றித் தேய்க்கலாம். செம்புத் தகடு வகையில் அரை இஞ்ச் குழாய்கள் ஓரிரு வருஷத்தில் அடைத்துவிடும்.

மழையும் மேகமூட்டமுமான ஐப்பசி, கார்த்திகையில் சோலார் கைவிடும். வெந்நீர் கேட்பதும் அப்போதுதான். கூடவே 2 கிலோவாட் காயில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொட்டி காலியானால் கண்ணாடிக் குழாய் வெறுமனே காய்ந்து 200 டிகிரியைத் தாண்டும். திரும்பி வந்த அன்று மத்தியானம் மோட்டாரைப் போட்டால், பச்சைத் தண்ணீர் பட்ட நொடியில் குழாய்கள் வரிசையாக வெடிக்கும். கிளம்பும்போது தார்ப்பாயால் மூடிவிட்டுப் போங்கள். திரும்ப நிரப்புவது சூரியன் ஏறுவதற்கு முன்பு மட்டும்.

ஹீட் பம்ப் பற்றிக் கேள்விப்படுகிறோம்.

ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரில் போடும். 200 லிட்டரை 27லிருந்து 55க்குக் கொண்டுபோகக் காயிலுக்கு ஆறரை யூனிட் ஆகும், ஹீட் பம்ப்புக்கு இரண்டு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். நம்ம ஊர் வெக்கைக்கு நன்றாக வேலை செய்யும். தினமும் பத்து அறை ஓடுகிற இடத்துக்குத்தான் போட்ட பணம் திரும்பும். முற்றத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரவில் கம்ப்ரஸர் இரைச்சல் எல்லா அறைக்கும் கேட்கும். பின்வாசல் பக்கம் வையுங்கள், சொட்டும் நீருக்கு வடிகால் விடுங்கள்.

படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் குடும்ப விசேஷம்), கல்யாணம் என்றால் நாற்பது பேருக்கு விடியற்காலையில் வெந்நீர் வேண்டும். என்ன வழி?

பரணில் கிடக்கும் செம்பு பாய்லரை இறக்குங்கள். நடுவே குழாய் போகிற பாய்லரில் புனல் வழியாகப் பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, மறுபக்கம் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். 100 லிட்டரைக் குளிக்கக் கலக்கும் சூட்டுக்குக் காய்ச்சக் காய்ந்த விறகு 4 முதல் 6 கிலோ போதும். ஈர விறகென்றால் இரண்டு மடங்கும் புகையும். நாற்பது பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் வெதுவெதுப்பு என்றால், 60 டிகிரி நீர் 300 லிட்டர். நாலு மணிக்கு மூட்டினால்தான் ஆறு மணிக்குப் பந்தி போல வரிசை நிற்காது.

நெருப்பு மூட்டும் முன் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பாய்லரைக் காய்ச்சினால் ஈயப் பற்று உருகி அடி கழன்றுவிடும். மேல் வாயை எதைக் கொண்டும் இறுக்கி மூடக் கூடாது. வைக்கும் இடம் திறந்த முற்றம், வயசான ஆச்சிமாரும் பிள்ளைகளும் நடக்கும் வழியாக இல்லாமல். கொதிநீரை வாளியில் தூக்கிக்கொண்டு வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் நடப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. பாய்லர் பக்கத்திலேயே கலந்து, வெதுவெதுப்பாக்கித் தூக்கச் சொல்லுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடை வரிசையாகப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். கரண்ட் ஓடும்போதே சூடு பார்க்கக் கைவிடுகிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

பொது வீடு. பங்காளிகள் சம்மதம் வேண்டுமா?

உங்கள் அறைக்குள் ஸ்டாண்டில் வைத்தால் பேச்சே வராது. வளவு (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) சுவர், மாடி, மீட்டர் போர்டு எல்லாம் பொது. தொடும் முன் சொல்லிவிடுங்கள். கரண்ட் பில்லுக்குத் தனி சப்-மீட்டர் வைத்தால் பிறகு சச்சரவு இல்லை.

வீட்டைப் பூட்டும்போதும் திறக்கும்போதும் கீசரை என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வாரம் என்றால் எம்.சி.பி.யை இறக்கினால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் என்றால் தண்ணீரை வடித்துவிடுங்கள். எம்.சி.பி.யை இறக்கி, ஆறவிட்டு, பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கினால் வடியும். காயில் பக்கத்து மூடியில் வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கான் வைத்து அடையுங்கள். பல்லி உள்ளே போய் டெர்மினலில் கருகிக் கிடப்பது இங்கே சகஜம்.

திறக்கும்போது வரிசை மாறக் கூடாது. மேல்தொட்டியைக் கழுவி நிரப்புங்கள். கீசருக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர்க் குழாய்களை ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள். துரு நிறம் போகட்டும். பிறகு கீசர் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று விட்டு விட்டு வருவது நின்று, சீராகத் தண்ணீர் வரும் வரை காத்திருங்கள். அதன் பிறகுதான் எம்.சி.பி. தண்ணீர் இல்லாத டேங்கில் காயில் சில நிமிஷத்தில் போய்விடும். வந்து இறங்கிய அலுப்பில் ஸ்விட்சை முதலில் தட்டுவதால்தான் இங்கே பாதிக் காயில்கள் போகின்றன.

முதல் தடவை 60 டிகிரிக்கு மேல் காயவிட்டு, அரை மணி கழித்து அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் வெதுவெதுப்பாக நின்ற நீரில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரும். ஷவர் சாரலை மூச்சோடு இழுக்கும்போதுதான் அது உள்ளே போகும். ஷவர் தலையைக் கழற்றிக் கழுவுங்கள். வயசானவர்கள் அன்றைக்கு வாளியிலேயே குளிக்கட்டும்.

அழுகிய முட்டை நாற்றம் வருகிறது.

நின்ற தண்ணீரில் உள்ள சல்பேட்டைச் சில பாக்டீரியா மெக்னீசியம் ஆனோடின் துணையோடு மாற்றுவதால் வரும் வாயு அது. மேலே சொன்னபடி சூடாக்கிக் கழித்துவிட்டால் போகும். திரும்பத் திரும்ப வந்தால் மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாகக் கம்பி போடச் சொல்லுங்கள்.

கீசரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. அதைக் கழற்றிவிட்டால் ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார்.

ஓடும்தான், உங்கள் உயிரைப் பணயம் வைத்து. எங்கேயோ கரண்ட் கசிகிறது என்றுதான் அது விழுகிறது. கீசர் வயரை மட்டும் டெர்மினலில் கழற்றிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு வயரிங்கில். நின்றால் கீசரில். காயிலின் இரண்டு முனைக்கும் டேங்க் உடம்புக்கும் இடையே மெக்கர் (கரண்ட் கசியாமல் காக்கும் திறனை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் காயில் வெடித்திருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். நல்ல அளவு வந்தால், நாள்பட்ட ஈரம் தெர்மோஸ்டாட் பெட்டிக்குள் இருக்கும். மூடியைத் திறந்துவைத்து ஒரு நாள் காயவிட்டு, பச்சை பூத்த முனைகளைச் சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள்.